விசிலா, பேச்சா, மோட்டார் முனகலா? அனிமேஷன் ரோபோவுக்குக் குரல் தேர்ந்தெடுப்பது எப்படி

சென்ற சில மாதங்களில் மூன்று இடங்களிலிருந்து ஒரே கேள்வி என்னிடம் வந்தது. சைபர்ஜெயாவில் அனிமேஷன் படிக்கும் ஒரு தங்கை இறுதியாண்டுக்காக ஐந்து நிமிடப் படம் செய்கிறார். பாட்டியின் பழைய தையல் மெஷின் உதிரிகளிலிருந்து பிறந்த ரோபோதான் நாயகன். அதற்கு வாய் கிடையாது, இருப்பது ஒரே ஒரு கண். பட்டர்வொர்த்தில் ஒரு கணவன் மனைவி, பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்து சொல்லிக்கொடுக்கும் காணொளிகள் எடுக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு ரோபோ ஆசிரியை வேண்டும். செந்தூலில் ஒரு சின்ன ஸ்டூடியோ 13 பாகத் தொடர் ஒன்றைத் தமிழில் தொடங்கி மலாயிலும் ஆங்கிலத்திலும் கொண்டுபோகப் பார்க்கிறது. அதில் ஒரு பையனோடு சுற்றும் ஒரு குட்டி ரோபோ. மூவரும் கேட்டது ஒன்றுதான்: "அண்ணே, ரோபோவுக்கு எந்த மாதிரி குரல் போடலாம்?"

கோலாலம்பூரில் டப்பிங்கும் ஒலிக்கலவையும்தான் என் பிழைப்பு. மூவருக்கும் மூன்று வேறு பதில் சொன்னேன். அந்தப் பதில்களுக்கான காரணங்களை இங்கே விரித்து எழுதுகிறேன், ஏனென்றால் பெரும்பாலோர் இந்த முடிவைக் கடைசியில் எடுக்கிறார்கள். வரைந்து, அசைத்து, வண்ணம் தீட்டி முடித்த பிறகு "ரோபோ குரல் போட்டுக் கொடுங்க" என்று கோப்பு வரும். அந்த நேரத்தில் என் கையில் மிஞ்சுவது பூச்சு வேலை மட்டுமே. குரல் முதலில் முடிவானால் கண் எப்போது சிமிட்ட வேண்டும், தலை எவ்வளவு சாய வேண்டும் என்பதை அந்த ஒலியே அனிமேட்டருக்குச் சொல்லிவிடும்.

## தேர்வுக்கு முன் கேட்டுக்கொள்ள வேண்டியவை

முதல் கேள்வி: ரோபோ சொல்ல வேண்டியது செய்தியா, உணர்ச்சியா? "வடக்குப் பக்கம் மூன்றாவது கதவைத் திற" என்பது செய்தி. அதற்குச் சொல் வேண்டும். "என்னை விட்டுட்டுப் போகாதே" என்பதை வீட்டு நாய்கூடச் சொல் இல்லாமல் சொல்லிவிடுகிறது. உணர்ச்சியைச் சுமப்பவை சுருதி, வேகம், மூச்சு, இடைவெளி. 1977இல் யூஜீன் மார்ட்டன் என்ற விலங்கியலாளர் பறவைகளின், பாலூட்டிகளின் ஒலிகளை ஒப்பிட்டுக் காட்டினார்: பகையைக் காட்டும் ஒலிகள் தாழ்ந்தும் கரகரத்தும் வருகின்றன, அச்சத்தையோ நட்பையோ காட்டுபவை உயர்ந்தும் தெளிந்தும் வருகின்றன. கைக்குழந்தையிடம் பேசும்போது நம் எல்லோர் குரலும் தானாக மேலே ஏறுவதை நினைத்துப் பாருங்கள். அதே விதி ரோபோவுக்கும் பொருந்தும்.

இரண்டாவது, முகம். வாய் அசையும் ரோபோ என்றால் உதட்டுக்கு ஒலி பொருந்த வேண்டும். மொழி மாறும்போதெல்லாம் அந்தத் தலைவலி திரும்ப வரும். முகமே இல்லாத ரோபோவுக்கு முகத்தின் வேலையையும் ஒலிதான் செய்ய வேண்டும்.

மூன்றாவது, எத்தனை மொழி. நம் நாட்டில் இது உடனே பணமாக மாறும் கேள்வி. தமிழில் மட்டும் செய்தால் பார்ப்பவர் கூட்டம் சிறியது. மலாயும் ஆங்கிலமும் சேர்ந்தால்தான் தொடர் நிலைக்கும் என்று நினைக்காத தயாரிப்பாளர் இங்கே குறைவு.

நான்காவது, எதில் கேட்பார்கள்? பிள்ளைகள் கைப்பேசியில் பார்க்கிறார்கள். கைப்பேசியின் குட்டி ஒலிபெருக்கியில் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஆழ்ந்த ஒலி ஏறக்குறைய மறைந்துபோகும். ஸ்டூடியோவில் தரையை அதிரவைத்த ராட்சத ரோபோவின் காலடி, மாமாக் கடை மேசையில் வைத்த கைப்பேசியில் அட்டைப்பெட்டி தட்டிய மாதிரி கேட்கும். அடித்தள ஒலியோடு சில நூறு ஹெர்ட்ஸில் உலோகத் தட்டலும் சேர்த்துக் கொடுத்தால் மீதிக் கனத்தைக் காது தானே நிரப்பிக்கொள்ளும்.

ஐந்தாவதை யாரும் கேட்பதில்லை: மூன்று ஆண்டு கழித்து இந்த ரோபோவுக்கு யார் குரல் கொடுப்பார்கள்? ஒருமுறை செய்து முடிக்கும் குறும்படத்துக்கு இந்தக் கவலை இல்லை. தொடருக்கு உண்டு.

## விசிலும் பீப்பும்: மொழியில்லாத குரல்

1977இல் ஸ்டார் வார்ஸ் படத்தில் வந்த உருளை வடிவ ரோபோ ஆர்2-டி2இன் ஒலியை உருவாக்கியவர் பென் பர்ட். மின்னணுவால் ஒலி உருவாக்கும் சிந்தசைசர் கருவியின் ஒலியை மட்டும் வைத்துப் பார்த்தபோது அவருக்கு உயிர் வரவில்லை. குழந்தையின் மழலை போலத் தன் வாயாலேயே ஒலி எழுப்பி, ஏஆர்பி 2600 சிந்தசைசரின் ஒலியோடு பின்னிய பிறகுதான் அந்த உருளை ஒரு பாத்திரமாயிற்று. அதே படவரிசையில் 2015இல் வந்த பிபி-8 ரோபோவுக்கும் கதை அதுதான். ஐபேடில் ஒரு ஒலிச் செயலி, அதிலிருந்து ஒரு குழாய், அந்தக் குழாய் நடிகர் பில் ஹேடரின் வாய்க்குள். அவர் வாயை அசைத்து அந்த ஒலிக்கு வடிவம் கொடுத்தார். இந்த இரண்டு ரோபோக்களையும் இயந்திர ஒலி என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். உள்ளே இருப்பது மனித வாய்.

எனவே பீப் ரோபோ வேண்டும் என்று யாராவது கேட்டால், முதலில் அதன் வசனத்தைத் தமிழில் எழுதித் தாருங்கள் என்பேன். எழுதாமல் விசிலடித்தால் எல்லாக் காட்சியிலும் ஒரே விசில்தான் வரும். எழுதிய வசனத்தை வாயை மூடிக்கொண்டு முனக வேண்டும். செந்தூல் ஸ்டூடியோவில் அப்படித்தான் சோதித்தோம். "எனக்கும் ஒரு ரொட்டி சானாய்" என்ற வரியை ஒரு பெண் உதடு பிரிக்காமல் நான்கு விதமாக முனகினார்: ஆசையாக, கெஞ்சலாக, கோபமாக, கிடைக்காது என்று தெரிந்த பிறகு. அறையில் இருந்த எல்லோருக்கும் நான்கும் விளங்கின. அந்த முனகலின் சுருதியைப் பிடித்து சிந்தசைசருக்குக் கொடுத்தால் வேலை பாதி முடிந்தது.

இதற்கு நம்மிடம் ஏற்கெனவே ஓர் அகராதியே இருக்கிறது. தொலைபேசியில் பேசும் ஒரு பாட்டியைக் கவனியுங்கள். சம்மதத்துக்கு ஒரு "ம்", சந்தேகத்துக்கு இழுத்த "ம்ம்?", மறுப்புக்கு "ம்ஹும்", அலுப்புக்கு மூக்குவழி "ஹ்ம்", இரக்கத்துக்கு நாக்கால் உச்சுக் கொட்டல். பத்து நிமிடம் ஒரு சொல்கூட இல்லாமல் உரையாடல் நடக்கும். தமிழ்க் கேள்வி எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதையும் பாருங்கள். வந்தான், வந்தானா: கடைசி "ஆ"வில்தான் கேள்வி. ஆகவே கேட்கும் விசிலின் வால் நீள வேண்டும். ஆங்கிலப் படத்திலிருந்து எடுத்த பீப்புகளை அப்படியே போட்டால் நம் பிள்ளைகள் ரசிப்பார்கள், ஆனால் அந்த ரோபோ நம் வீட்டில் வளர்ந்ததாகத் தோன்றாது.

மறைந்திருக்கும் செலவுகள் இதில் உண்டு. கதையில் ரோபோ சொன்னதைப் புரிந்துகொண்டு பதில் சொல்ல ஒரு பாத்திரம் எப்போதும் பக்கத்தில் இருக்க வேண்டும். எழுத்தாளர் ஒவ்வொரு காட்சியிலும் அதற்கு இடம் விட வேண்டும். அடுத்தது காதுச் சோர்வு. மனிதக் காது மிகக் கூர்மையாக இருப்பது 2 முதல் 5 கிலோஹெர்ட்ஸ் வரை, பீப்புகள் பெரும்பாலும் குடியிருப்பதும் அங்கேதான். ஒரு பாகம் முழுக்க அந்த ஒலி வந்தால் பிள்ளை பார்ப்பான், பக்கத்தில் சமைக்கும் அம்மா அணைத்துவிடுவார். சுருதியைக் கீழே இறக்கி, மூச்சொலி கலந்து, இடைவெளி விட வேண்டும். கிளானா ஜெயா தடத்து எல்ஆர்டி ரயிலின் கதவு மூடும்போது வரும் பீப்பும் பீப்தான். அது எச்சரிப்பதோடு சரி, அதற்கு மனம் இல்லை. அந்த மாதிரி பீப்பை வைத்துக்கொண்டு பாத்திரம் செய்ய முடியாது.

ஆனால் பல மொழிக்குப் போகும் தொடருக்கு இதைவிடச் சிக்கனமான வழி இல்லை. தமிழுக்குச் செய்த அதே ஒலிக்கோப்பு மலாய்ப் பதிப்பிலும் உட்காரும். டப்பிங் செலவு பையனுக்குத்தான், ரோபோவுக்கு இல்லை.

## மனிதக் குரல்: பூச்சோடும் பூச்சில்லாமலும்

பேசும் ரோபோ என்றதும் எல்லோரும் குரலை மாற்றும் விளைவுப் பெட்டியைத் தேடுகிறார்கள். அது என்ன செய்கிறது என்று தெரிந்துகொண்டு தேடுவது நல்லது.

ரிங் மாடுலேட்டர் இரண்டு அலைகளைப் பெருக்குகிறது. 200 ஹெர்ட்ஸ் குரலை 30 ஹெர்ட்ஸ் அலையால் பெருக்கினால் வெளியே வருபவை 170, 230 ஆகிய இரண்டும். 200 காணாமல் போகும். இயல்பான குரலின் மேல்சுரங்கள் 200, 400, 600 என ஒழுங்காக அடுக்கியிருக்கும். பெருக்கிய பிறகு 170, 230, 370, 430 என்று கலைந்துவிடும். இந்தக் கலைதலைத்தான் காது உலோகம் என்று கேட்கிறது. பிபிசியின் டாக்டர் ஹூ தொடரில் 1963இல் வந்த டாலெக்குகளின் குரல் இந்த முறையில் செய்ததுதான். இரக்கமற்ற பகைவனுக்கு மிகப் பொருத்தம். நண்பன் ரோபோவுக்குப் போட்டால் பிள்ளை பயப்படும்.

வொக்கோடர் வேறு வகை. பெல் ஆய்வகத்தில் ஹோமர் டட்லி 1930களில் தொலைபேசிப் பேச்சைச் சுருக்கி அனுப்புவதற்காக உருவாக்கியது. குரலைப் பல அலைவரிசைப் பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொரு பட்டையின் ஏற்றத்தாழ்வை மட்டும் எடுத்து, வேறொரு ஒலியின் மேல் போர்த்துகிறது. சொல் தங்கும், பேசியவரின் சுருதி போய்விடும். முதல் கேள்வியை நினைவில் வைத்திருந்தால், உணர்ச்சியைச் சுமக்கும் நான்கில் முதன்மையானதை நாமே கழற்றி எறிகிறோம் என்பது விளங்கும்.

தமிழுக்கு இதில் கூடுதல் ஆபத்து ஒன்று. ல, ள, ழ மூன்றையும் காது பிரித்தறிய உதவும் முக்கியமான தடயம் குரலின் மூன்றாவது ஒத்ததிர்வு (வாயும் தொண்டையும் வலுப்படுத்தும் அலைவெண்களில் மூன்றாவது) எங்கே நிற்கிறது என்பது. நாக்கு வளையும்போது அது கீழே இறங்கும். பட்டைகள் குறைந்த வொக்கோடரில் இந்த நுட்பம் கரைந்துவிடுகிறது. நானே பட்டிருக்கிறேன். ஒரு நிறுவனத்துக்காகப் பிள்ளைகள் விளம்பரம். "மழை வருது, குடை எடு" என்று ரோபோ சொல்ல வேண்டும். பதிவு நன்றாக வந்திருந்தது. கடைசி நாளில் "இன்னும் ரோபோவா இருக்கணும்" என்று வற்புறுத்தினார்கள். பத்துப் பட்டை வொக்கோடர் போட்டு அனுப்பினேன். போட்டுக் காட்டிய வகுப்பில் பிள்ளைகள் "எந்த மலை வருது?" என்று கேட்டார்களாம். திரும்பவும் முழுதும் செய்தேன், கூடுதல் கூலி வரவில்லை. அன்றிலிருந்து தமிழ் வசனத்துக்கு வொக்கோடரை முழுதாகப் போடுவதில்லை. மூலக்குரலை முன்னால் வைத்து, வொக்கோடர் ஒலியை அதன் நிழல் போலப் பின்னால் கலக்கிறேன். அதுபோல, அசைகளைச் சம அளவில் வெட்டி ஒட்டும் பழைய பாணி ரோபோப் பேச்சும் நமக்கு ஆகாது. குறிலும் நெடிலும் நீளத்தால் வேறுபடும் மொழி இது. எல்லா அசையும் ஒரே நீளமானால் கல்லும் காலும் ஒன்றாகிவிடும்.

பூச்சே இல்லாமலும் செய்யலாம். 1968இல் வந்த '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி' படத்தின் ஹால் 9000 என்ற கணினியின் குரல் கனடா நடிகர் டக்ளஸ் ரெயினுடையது. அவர் அமைதியாக, அவசரமில்லாமல், குரலை ஏற்றி இறக்காமல் பேசினார். அந்த அமைதியே நடுக்கம் தந்தது. நம் ஊரிலும் 2011இல் டிவி3இல் தொடங்கிய போபோய்போய் அனிமேஷன் தொடரின் ஓச்சோபோட் என்ற ரோபோவைப் பிள்ளைகள் நண்பனாக ஏற்றுக்கொண்டது அது பேசும் விதத்தால்.

தமிழில் எழுதுபவர்களுக்கு மட்டும் கிடைக்கும் ஒரு கருவி இங்கே சும்மா கிடக்கிறது. நம் எழுத்துத் தமிழும் பேச்சுத் தமிழும் இரண்டு குரல்கள். "நான் இப்பொழுது வருகிறேன்" என்று ஒருவர் மாமாக் கடையில் சொன்னால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். எந்த விளைவும் இல்லாமல் அவர் ரோபோ ஆகிவிட்டார். முதல் பாகத்தில் ரோபோ இலக்கணமாகப் பேசட்டும். பையனோடு பழகப் பழக "வருகிறேன்" கரைந்து "வரேன்" ஆகட்டும், ஐந்தாம் பாகத்தில் "பசியாறிட்டியா?" என்று கேட்கட்டும், பத்தாம் பாகத்தில் வசனத்தின் வாலில் நம் மலேசியப் பேச்சின் "லா" ஒன்று ஒட்டட்டும். அந்த "லா" விழும் இடத்தில் பார்ப்பவர் மனம் இளகும். இதற்கு ஒரு ரிங்கிட்கூடச் செலவில்லை, எழுத்தாளரின் கவனம் மட்டும் போதும். மலாயிலும் ஆங்கிலத்திலும் இந்தச் சறுக்கலை இதே அளவுக்குக் கொண்டுவருவது கடினம் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நடிகர் ஊர் மாறுவார், கட்டணம் ஏற்றுவார், சளி பிடித்துக்கொள்ளும். பன்னிரண்டு வயதுப் பையன் குரல் கொடுத்தால் அடுத்த ஆண்டு குரல் உடையும். ஒப்பந்தத்தில் இரண்டாம் பருவத்தைப் பற்றி முதல் நாளே எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மொழிக்கும் ஒரு நடிகர், ஒரு நாள் ஸ்டூடியோ வாடகை, ஒரு கலவை என்று கணக்குப் பெருகும்.

## கணினிக் குரல்: தட்டச்சு செய்தால் பேசும்

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம். இன்று தமிழில் எழுதியதைப் படிக்கும் சேவைகள் தாராளம். மைக்ரோசாஃப்ட் பட்டியலில் மலேசியத் தமிழுக்கென்றே கனி, சூர்யா என்று இரண்டு குரல்கள் உள்ளன. இவை மனிதக் குரலை நன்றாக ஒத்திருப்பதே ரோபோப் பாத்திரத்துக்கு இடைஞ்சல். மனிதரும் ஆகாமல் இயந்திரமும் ஆகாமல், வங்கியின் பதில் இயந்திரம் போல நடுவில் நிற்கும். பழைய பாணியில் கரகரக்கும் ஈஸ்பீக் என்ற இலவச மென்பொருள் தமிழையும் படிக்கும்; உச்சரிப்பு தடுமாறும், ஆனால் கேட்ட கணத்தில் ரோபோ என்று தெரியும்.

கணினிக் குரல் வெல்லும் இடம் ஒன்று உண்டு: மனம் மாறாத அதிகாரம். 2008இல் வந்த வால்-ஈ படத்தில் கப்பலை ஓட்டும் ஆட்டோ என்ற இயந்திரத்துக்கு ஆப்பிள் கணினியின் மேக்இன்டாக் மென்பொருள்தான் குரல். கெஞ்சினாலும் அழுதாலும் அதன் ஏற்ற இறக்கம் மாறாது, அதனால்தான் அது வில்லன். இன்னொன்று, அடையாளம். ஸ்டீபன் ஹாக்கிங் தன் பழைய இயந்திரக் குரலை, நல்ல குரல்கள் வந்த பிறகும் மாற்றிக்கொள்ளவில்லை. உலகம் அதைத்தான் அவர் குரல் என்று அறிந்திருந்தது. ஒரு பாத்திரத்துக்கும் அப்படி ஒரு பிடி அமையலாம்.

கவனிக்க வேண்டியது உரிமம். வணிகத்துக்குப் பயன்படுத்தலாமா என்பதை விதிமுறையில் படித்துவிட்டுத் தொடங்குங்கள். இணையச் சேவையின் குரல் நாளை மாறலாம், நீக்கப்படலாம். உருவாக்கிய எல்லாக் கோப்புகளையும் உங்கள் வட்டில் வைத்துக்கொள்ளுங்கள். உணர்ச்சிக் காட்சி ஒன்றுக்குச் சுருதியையும் வேகத்தையும் சொல்லுக்குச் சொல் திருத்த ஒரு நாள் போகும். அந்த நேரத்தில் நல்ல நடிகர் பத்து வகை செய்து கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்.

## பொருள்களின் ஒலி: குரலே இல்லாத குரல்

எனக்கு மிகவும் பிடித்த வழி இது. மிகக் கடினமானதும் இதுதான்.

1986இல் வந்த லக்ஸோ ஜூனியர் என்ற இரண்டு நிமிடப் படத்தில் இரண்டு மேசை விளக்குகள்தாம் பாத்திரங்கள், ஒன்று பெரியது, ஒன்று குட்டி. பேச்சு ஒரு சொல் இல்லை. இருந்தும் பெரிது பொறுமையானது, சிறிது துள்ளலானது என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. வால்-ஈ படத்தின் நாயக ரோபோ ஓடும் ஒலிக்குப் பென் பர்ட் கையால் சுற்றும் ஜெனரேட்டரைப் பயன்படுத்தினார். மெல்லச் சுற்றினால் முனகல், வேகமாகச் சுற்றினால் சுருதி ஏறும். அதாவது ரோபோ அவசரப்படும்போது அதன் உடம்பே பதற்றமாகப் பாடும். இங்கே நடிப்பது கை.

சைபர்ஜெயா தங்கையை இதற்காகவே பூடுவில் உள்ள ஜாலான் பசாருக்குக் கூட்டிப்போனேன். மின்னணு உதிரிக் கடைகள் வரிசையாக இருக்கும் தெரு அது. ஒரு சின்ன பொம்மை மோட்டார், எஸ்ஜி90 என்ற ஒன்பது கிராம் சர்வோ (சொன்ன கோணத்துக்குத் திரும்பும் மோட்டார்) ஒன்று, அதிர்வை மின்சாரமாக மாற்றும் பியெஸோ வில்லைகள் சில. வீட்டிலிருந்து ஒரு காலி மைலோ டின். ஸ்டூடியோவில் வில்லையை டின்னின் அடியில் டேப்பால் ஒட்டி மைக் ஆக்கினோம். மோட்டாரை வெறுமனே சுற்றவிட்டபோது கொசு மாதிரி இருந்தது. டின்னின் விளிம்பில் அழுத்திப் பிடித்ததும் அதற்கு நெஞ்சு வந்தது. பிறகு மின்சாரத்தை 3 வோல்ட்டிலிருந்து மெல்ல 1 வோல்ட்டுக்கு இறக்கினேன். வோல்ட் குறையக் குறைய மோட்டாரின் வேகம் குறையும், வேகத்தோடு சுருதியும் இறங்கும். "ஈ" என்று தொடங்கியது "ஊ" என்று சரிந்து, கடைசியில் இரண்டு முறை இடறி நின்றது.

"அண்ணே, இது பெருமூச்சு விடுது" என்றார்.

டின்னுக்குள் ஒரு பழைய துணியைத் திணித்து மறுபடி செய்தோம். இப்போது நெஞ்சு அடைத்துக்கொண்ட மாதிரி இருந்தது. சர்வோவை இரண்டு கோணங்களுக்கு இடையே ஆட்டியபோது "ஜிக்... ஜிக்ஜிக்" என்று வந்தது, ஆட்டத்தை ஒழுங்கில்லாமல் செய்ததும் அது யோசிக்கத் தொடங்கியது. ஒழுங்காக வரும் ஒலி இயந்திரம். தயங்கி வரும் ஒலி உயிர். அன்று மாலை முழுக்க அந்த ஒரு வித்தியாசத்தைத்தான் கேட்டுக்கொண்டிருந்தோம்.

ஒலியைத் தாளில் எழுதுவது எப்படி என்று அவர் கேட்டார். திரைக்கதையில் "ரோபோ சோகமாக ஒலிக்கிறது" என்று எழுதினால் ஒலிப்பதிவாளருக்கு ஒன்றும் கிடைக்காது. நம் இரட்டைக்கிளவிகள் இருக்கின்றனவே. நெஞ்சு படபடக்கிறது, கை வெடவெடக்கிறது, முகம் கடுகடுக்கிறது, பிள்ளை துறுதுறுவென்று இருக்கிறது, கிழவர் முணுமுணுக்கிறார். இந்தச் சொற்களில் உணர்ச்சியும் தாளமும் ஒன்றாகவே பிறந்திருக்கின்றன. "படபட" என்று எழுதினால் என் கைக்கு வேகமும் தெரியும், பொருளும் தெரியும். அவர் படத்தின் ஒலிப்பட்டியல் இப்போது முழுக்க இப்படித்தான் இருக்கிறது: காட்சி 4, ஊசி படபட, காட்சி 6, சக்கரம் தடதடவென்று ஓடித் தயங்குகிறது, காட்சி 9, மௌனம்.

செலவு பணமாக வராது, நேரமாக வரும். ரோபோ கை தூக்கினால் ஓர் ஒலி, தலை திருப்பினால் ஓர் ஒலி, கண் சுருக்கினால் ஓர் ஒலி. ஐந்து நிமிடப் படத்துக்கு நூற்றுக்கணக்கான துண்டுகள் சேரும். முதல் நாளிலேயே ஒழுங்காகப் பெயரிடாவிட்டால் மூன்றாம் வாரத்தில் தேடித் தேடியே பொழுது போகும். கோலாலம்பூரில் அமைதி கிடைப்பதும் அரிது. விடியலில் குயில், பகலில் மோட்டார் சைக்கிள், மாலை நான்கு மணிக்கு மழை, நாளெல்லாம் ஏர்கான். நான் இரவு இரண்டு மணிக்கு மேல் பதிவு செய்கிறேன். தொடருக்கு இந்த வழியை மட்டும் நம்பி இறங்க வேண்டாம். முதல் இரண்டு பாகத்தில் சேர்த்த ஒலிகளைப் பிறகு திரும்பப் பயன்படுத்தலாம்தான், ஆனால் புதிய உணர்ச்சி வரும்போதெல்லாம் புதிதாகத் தேடித்தான் ஆக வேண்டும்.

## ஒரே பார்வையில்

| | விசில், பீப் | மனிதக் குரல் | கணினிக் குரல் | பொருள் ஒலி |
|---|---|---|---|---|
| உணர்ச்சி | நிறைய, வாயால் நடித்தால் | மிக நிறைய | மிகக் குறைவு | நிறைய, பொறுமை இருந்தால் |
| செய்தி | இல்லை, விளக்க ஆள் வேண்டும் | முழுமை | முழுமை | இல்லை |
| பல மொழி | அப்படியே போகும் | ஒவ்வொன்றுக்கும் டப்பிங் | மொழிக்கொரு குரல் தேட வேண்டும் | அப்படியே போகும் |
| கைப்பேசியில் | நன்றாகக் கேட்கும், சோர்வு தரும் | நன்று | நன்று | மெல்லிய ஒலிகள் மறையும் |
| மறைந்த செலவு | வசனம் எழுதி நடிக்கும் உழைப்பு | நடிகர், ஒப்பந்தம், திரும்பப் பதிவு | உரிமம், திருத்தும் நேரம் | பதிவு நேரம், அமைதி |
| பொருந்தும் பாத்திரம் | துணைக்கு வரும் குட்டி ரோபோ | கதையை நடத்தும் ரோபோ | அசையாத அதிகாரி, வில்லன் | பேசாத நாயகன் |

## யாருக்கு எதைச் சொன்னேன்

பட்டர்வொர்த் தம்பதி கணினிக் குரலை நினைத்துத்தான் வந்தார்கள். வாரம் மூன்று காணொளி, வேலை எளிது என்பது அவர்கள் கணக்கு. நான் வேண்டாம் என்றேன். எழுத்து சொல்லிக்கொடுக்கும் ரோபோ ழகரத்தைத் தவறாகச் சொன்னால் பிள்ளை அதைத்தான் பிடித்துக்கொள்ளும். மனைவிக்கு அருமையான உச்சரிப்பு. பூச்சில்லாமல் அவரே பேசட்டும். எழுத்துத் தமிழில் நிதானமாகப் பேசினாலே போதும், ரோபோ ஆகிவிடுவார். தலை அசையும்போது ஒரு சர்வோ ஒலி, சரியான பதிலுக்கு ஒரு மகிழ்ச்சி முனகல். கைப்பேசிக்கென்றே கலந்து கொடுத்தேன்.

செந்தூல் ஸ்டூடியோவுக்கு விசில் வழி. மூன்று மொழி என்ற ஒரே காரணமே போதுமானது. ரோபோவின் வசனம் முழுவதையும் தமிழில் எழுதித்தான் முனகுகிறார்கள். அந்த எழுத்து திரையில் வராது, ஆனால் அனிமேட்டரின் மேசையில் ஒட்டியிருக்கிறது. குரல் கொடுக்கும் பெண் நாளை வராவிட்டாலும் தொடர் நிற்காமல் இருக்க, அடிப்படை உணர்ச்சிகள் ஒவ்வொன்றிலும் இருபது முப்பது முனகலாவது இப்போதே பதிவு செய்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

தங்கையின் படத்தில் பொருள் ஒலிதான் ஆட்சி. ஒரே ஓர் இடத்தில் மட்டும் வழி மாறுகிறோம். கடைசிக் காட்சியில் பேத்தி "போகட்டுமா?" என்று கேட்பாள். ரோபோ ஏதாவது சொல்ல வேண்டும். மோட்டாரில் எவ்வளவோ முயன்றோம், ஒன்றும் உட்காரவில்லை. அவர் தன் பாட்டியின் "ம்" ஒன்றைக் கைப்பேசியில் பதிவு செய்து கொண்டுவந்தார். அதைச் சின்ன ஒலிபெருக்கியில் ஓடவிட்டு, ஒலிபெருக்கியை மைலோ டின்னுக்குள் இறக்கி, டின்னின் வாயில் மைக் வைத்து மறுபடி பதிவு செய்தோம். அரை விநாடிகூட இல்லை. தகரத்துக்குள்ளிருந்து வந்தாலும் அது பாட்டியின் "ம்"தான்.

மிச்சம் இருப்பது தையல் மெஷினின் மிதி. பாட்டி வீடு கிள்ளானில் இருக்கிறது. வரும் ஞாயிறு போகிறோம். மின்விசிறியை நிறுத்திவிட்டு, காலை எட்டு மணிக்குள், தெரு விழிப்பதற்கு முன்.